பாசியின் புளிப்பும் ஜகதீச சந்திர போஸும்

விழுப்புரத்துக் கரும்பையும் திண்டிவனத்து வேர்க்கடலையையும் நாம் அன்றாடம் காண்கிறோம். இரண்டும் ஒரே வெயிலைக் கொண்டுதான் உணவு சமைக்கின்றன. சமைக்கும் வழி மட்டும் வேறு. கரும்பின் வழிக்கு ஒப்பானதொன்றின் சுவட்டை முதன்முதலிற் கண்டோருள் ஒருவர் நம் நாட்டவர் என்பதைப் பலர் அறியார்.

ஜகதீச சந்திர போஸ் 1858-ல் வங்கத்து மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் சர்க்கார் உத்தியோகஸ்தராயிருந்தும் மகனைத் தாய்மொழிப் பள்ளிக்கே முதலில் அனுப்பினார். கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பிய போஸ், 1885-ல் கல்கத்தா ராஜதானிக் கலாசாலையில் ஆசிரியரானார். வெள்ளையரினும் குறைந்த சம்பளமே இந்தியருக்கு என்றனர். அவர் வேலையை விடவில்லை, சம்பளத்தையும் தொடவில்லை. வீட்டிலோ தந்தையார் பட்ட கடன். இவ்வாறே மூன்றாண்டுகள் கழிந்தன. இறுதியில் மேலிடம் இணங்கிற்று. பழைய பாக்கியும் முழுமையாக வந்து சேர்ந்தது. ஆரவாரமின்றி நடந்த இச்சத்தியாக்கிரகம் அவருடைய கருவிகளுக்குச் சற்றும் குறைந்ததன்று என்பதே நம் கருத்து.

மின்னலை ஆராய்ச்சியிற் புகழ்பெற்ற பின் அவர் தாவரங்களின்பால் திரும்பினார். 1917-ல் கல்கத்தாவில் தம் பெயரால் ஆராய்ச்சிக் கழகமும் கண்டார். இலையின் உயிரணுக்களில் பசுங்கணிகங்கள் உள்ளன. அவற்றிலுள்ள பச்சையம் ஒளியைப் பற்றுகிறது, அவ்வாற்றலால் நீர் பிளந்து பிராணவாயு வெளிப்படுகிறது, கரியமிலவாயு சர்க்கரையாகிறது. ஏரியில் இறங்குவோர் காலிற் சிக்கும் ஹைட்ரில்லா என்னும் பாசியைப் போஸ் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். அது விடும் பிராணவாயுக் குமிழிகளைத் தானே குறிக்கும் கருவியொன்றையும் அமைத்தார். கோடையில் அதன் சாறு புளிப்பேறியிருந்தது; மாலிக் அமிலமே காரணம். கரியமிலவாயு கிடைக்காதபோதும் அவ்வமிலத்தைக் கொண்டே பாசி தன் தொழிலை நடத்துகிறதெனக் கண்டு, 1924-ல் நூலாக வெளியிட்டார்.

அறிஞர் உலகம் அதைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. தாவர உணர்ச்சியைப் பற்றி அவர் கூறியவை எழுப்பிய சச்சரவில் இதுவும் மூழ்கிற்று போலும். அவற்றிற் சில இன்றும் விவாதத்துக்குரியனவே. 1937-ல் கிரிதியில் அவர் காலமானார். 1960-களில் ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் கரும்பிலையை ஆராய்ந்தோர், கரியமிலவாயு முதலில் மாலிக் முதலிய அமிலங்களாகிப் பின்னரே சர்க்கரையாவதைக் கண்டனர். வேர்க்கடலைக்கு இவ்வழி இல்லை. வெப்பம் மிகுந்து கரியமிலவாயு குறையும்போது ஹைட்ரில்லாவும் கரும்பைப்போல் இவ்வழிக்கு மாறுகிறதென்பது, போஸ் மறைந்து சுமார் அரை நூற்றாண்டு சென்றபின் உறுதிப்பட்டது.