ஆபிரகாம் இலிங்கனின் அகத்துயர்

பட்டமும் பதவியும் பெற்றோரை மனச்சோர்வு அணுகாதென எண்ணுவோர் பலர். ஐக்கிய அமெரிக்காவின் 16ஆவது சனாதிபதி ஆபிரகாம் இலிங்கனின் வரலாற்றைக் கற்போர் அவ்வாறு எண்ணார்.

1809இல் கென்டக்கியில் மரக்குடிசையொன்றிற் பிறந்த அவர், ஒன்பது வயதில் அன்னையை இழந்தார். பள்ளி சென்ற காலம் மொத்தம் ஓராண்டளவே. தாமே கற்று, 1834இல் இல்லினோய் சட்டசபைக்குத் தெரிவானார், பின்னர் நியாயவாதியுமானார். வேடிக்கைக் கதைகளாற் கேட்போரைச் சிரிக்கவைப்பதில் வல்லவர். ஆயினும், 1841ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விவாக நிச்சயம் முறிந்த வேளையில், கடும் மனச்சோர்வு அவரைப் பற்றியது. வாழ்வையே வெறுத்த அவரைப் பற்றி நண்பர்கள் அஞ்சினர்.

யோசுவா ஸ்பீட் என்னும் நண்பர் அவருக்குத் துணைநின்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் லூயிவில் நகரருகேயிருந்த தம் குடும்ப இல்லத்தில் அவரைச் சில வாரங்கள் தங்கவைத்தார். அடுத்த ஆண்டில், விவாகத்தை எதிர்நோக்கிய ஸ்பீட்டே மனங்கலங்கினார். அப்பொழுது கடிதங்கள் பல வரைந்து அவரைத் தேற்றியவர் இலிங்கன். தாம் பட்ட துயர் பிறர் துயரை அறியும் கல்வியாயிற்று.

சோர்வு அவரை முற்றாக விட்டகலவில்லை. உள்நாட்டுப் போரின் நடுவே, 1862இல், மைந்தன் வில்லியையும் இழந்தார். எனினும் 1863 சனவரி 1இல், கிளர்ச்சி மாநிலங்களின் அடிமைகளை விடுவிக்கும் பிரகடனத்திற் கையொப்பமிட்டார். 1865 ஏப்ரிலில் கொலையுண்டார்.

மனச்சோர்வு கோழைமையன்று, மருத்துவரை நாடவேண்டிய நோய். ஆதலின், யூபிலி விழாவிற் கூடும் நாம், பழைய தோழரைக் காணுங்கால் அவர்தம் பதவியை மட்டும் வினவாது, மனநிலையையும் வினவுவோமாக. விடை வரும்வரை அருகிருப்போமாக.