ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட்

ரெபெக்கா கிரெய்க்ஹில் லான்ஸ்ஃபீல்ட் (ஜனவரி 5, 1895 – மார்ச் 3, 1981) ஓர் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஆவார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை பாக்டீரியாக்களைப் பிரித்தறியும் முறையை உருவாக்கியவர். இவர் பி எனக் குறியிட்ட பிரிவு, பச்சிளங் குழந்தைகளின் குருதித் தொற்றுக்கு ஒரு முதன்மையான காரணம் எனப் பிற்காலத்தில் அறியப்பட்டது.

வாழ்க்கை

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் பிறந்தார். தந்தை படைத்துறை அதிகாரி. 1916 இல் வெல்லெஸ்லி கல்லூரியில் பட்டம் பெற்றபின், வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணிதம் கற்பித்தார். 1918 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் மரபியலாளர் டொனால்ட் லான்ஸ்ஃபீல்டை மணந்து, ராக்ஃபெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆஸ்வால்ட் ஏவரியின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். 1925 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

வகைப்பாடு

குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கள் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தோன்றும். லான்ஸ்ஃபீல்ட் அவற்றை அமிலத்தில் சூடாக்கி, செல்சுவரிலுள்ள சர்க்கரைப் பொருளைப் பிரித்தெடுத்தார். பின்னர் அதனை, அறியப்பட்ட பாக்டீரியா செலுத்தப்பட்ட முயலின் ஊநீருடன் (சீரம்) கலந்தார். ஊநீரிலுள்ள பிறபொருளெதிரிகள் அச்சர்க்கரைக்குப் பொருந்தினால் வீழ்படிவு உண்டாகும். இவ்வாறு ஏ முதல் ஈ வரை ஐந்து பிரிவுகளை 1933 இல் வெளியிட்டார். மனித நோய்களிலிருந்து பெற்றவை பெரும்பாலும் ஏ பிரிவிலும், மாடுகளிலிருந்து பெற்றவை பி பிரிவிலும் அடங்கின.

பி பிரிவும் பச்சிளங் குழந்தைகளும்

1930களில் பி பிரிவை அதன் வெளியுறைச் சர்க்கரையைக் கொண்டு உள்வகைகளாகவும் பிரித்தார். மகப்பேறடைந்த, நோயற்ற பெண்களிடமும் இப்பிரிவு காணப்படுவதை ரொனால்ட் ஹேருடன் இணைந்து 1935 இல் அறிவித்தார். அக்காலத்தில் இது பெரிய தீங்காகக் கருதப்படவில்லை. ஆனால் 1970களில் அமெரிக்கக் குழந்தைகளைப் பிறந்த சில நாட்களிலேயே தாக்கிய குருதித் தொற்றுக்கும் மூளையுறை அழற்சிக்கும் இப்பிரிவே முதன்மைக் காரணமாக இருந்தது.

பிறந்த குழந்தையின் உடல் போதிய பிறபொருளெதிரிகளை உருவாக்க இயலாது. தாயின் குருதியிலிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் பெற்றவையே அதனைக் காக்கின்றன. இவற்றில் பெரும்பகுதி கருக்காலத்தின் இறுதி வாரங்களில் கடத்தப்படுவதால், குறைமாதக் குழந்தைகள் கூடுதல் இடருக்கு உள்ளாகின்றனர். பி பிரிவின் மூன்றாம் உள்வகையால் நோயுற்ற குழந்தைகளின் தாய்மாரிடம் அவ்வுறைக்கெதிரான பிறபொருளெதிரி குறைவாக இருந்ததை கேரல் பேக்கரும் டென்னிஸ் காஸ்பரும் 1976 இல் காட்டினர். இத்தகைய பிறபொருளெதிரிகள் எலிகளைக் காப்பதை லான்ஸ்ஃபீல்ட் முன்னரே கண்டறிந்திருந்தார். 1975 இல், தம் 80 ஆம் வயதிலும், பி பிரிவு பற்றிய ஆய்வுக் கட்டுரையைச் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்டார்.

கருவுற்ற பெண்கள் அனைவரிடமும் பி பிரிவு உள்ளதா எனச் சோதித்து, உள்ளவர்களுக்கு மகப்பேற்றின்போது நுண்ணுயிர்க்கொல்லி வழங்கும் நடைமுறை 2002 இல் அமெரிக்காவில் பரிந்துரைக்கப்பட்டது.

சிறப்புகள்

அமெரிக்க பாக்டீரியவியலாளர் சங்கத்தின் தலைவராக 1943 இல் பணியாற்றினார். 1961 இல் அமெரிக்க நோயெதிர்ப்பியலாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1970 இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவரது வகைப்பாடு லான்ஸ்ஃபீல்ட் வகைப்பாடு என வழங்கப்படுகிறது.