கை கழுவ மறந்தவர்

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப்ல முதல் நாளே சொல்லிக்கொடுத்த விஷயம் ஞாபகம் இருக்கா? கை கழுவாம யாரும் சாப்பிடப் போகக்கூடாது. 1878இல் ஒருத்தர் அதைச் செய்ய மறந்தார். சர்க்கரை நோய் உள்ளவங்க காபியில் போடுற குட்டி மாத்திரைகளோட கதை அங்கிருந்துதான் தொடங்குது.

அவர் பெயர் கான்ஸ்டன்டைன் ஃபால்பெர்க். 1850 டிசம்பர் 22 அன்று ரஷ்யாவின் தம்போவ் நகரில் பிறந்தவர். மாஸ்கோவிலும் பெர்லினிலும் படித்துவிட்டு, 1873இல் லைப்சிக்கில் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகு அவருடைய பிழைப்பே சர்க்கரைதான். ஒரு மூட்டை சர்க்கரையில் உண்மையான சர்க்கரை எவ்வளவு, கலப்பு எவ்வளவு என்று அளந்து சொல்கிற வேலை. சர்க்கரைக்கே போட்டியாக ஒரு பொருளைக் கொண்டுவரப் போகிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

1877இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு இறக்குமதி கம்பெனியின் சர்க்கரையை அரசாங்கம் பறிமுதல் செய்தது. பிரச்சினை சர்க்கரையின் தூய்மை பற்றியது. கம்பெனி தன் பக்கம் சாட்சி சொல்ல ஃபால்பெர்க்கை வேலைக்கு எடுத்தது. சோதனை செய்ய லேப் வேண்டுமே? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தொடங்கி அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த ஐரா ரெம்சனின் லேப்பில் இடம் கிடைத்தது.

சோதனைகள் சீக்கிரம் முடிந்துவிட்டன. கோர்ட்டில் கூப்பிடும்வரை சும்மா இருக்கப் பிடிக்காமல், ரெம்சனின் அனுமதியோடு அவருடைய ஆராய்ச்சியிலேயே இவரும் இறங்கினார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் சேர்மங்கள் எப்படி வினைபுரிகின்றன என்பதுதான் ரெம்சன் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. அதாவது கேள்வி ரெம்சனுடையது, லேப்பும் ரெம்சனுடையது. இதை மனசில் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

1878 ஜூன் மாதம் ஒரு நாள் இரவு, வேலை மும்முரத்தில் நேரம் போனதே தெரியாமல், கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார் ஃபால்பெர்க். பின்னாளில் அவரே சொன்ன கதை இது. ரொட்டி அளவுக்கு மீறி இனித்தது. வாயைக் கொப்பளித்து நாப்கினால் மீசையைத் துடைத்தார், நாப்கின் அதைவிட இனித்தது. தண்ணீர் குடித்தார், கிளாஸில் விரல் பட்ட இடமும் இனித்தது. கடைசியில் கட்டைவிரலை நக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு லேப்புக்கு ஓடி, மேஜைமேல் இருந்த பீக்கர், கிண்ணம் எல்லாவற்றிலும் இருந்ததை ஒவ்வொன்றாக ருசி பார்த்தார்! தயவுசெஞ்சு நம்ம லேப்ல யாரும் முயற்சி பண்ணிடாதீங்க. அரிப்பதோ விஷமோ ஒரு பீக்கரில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. அதிர்ஷ்டவசமாக, அதிகமாகக் கொதித்துப்போன ஒரு பீக்கரில் இருந்தது அந்த இனிப்பு.

1879இல் ரெம்சன், ஃபால்பெர்க் இருவர் பெயரிலும் பேப்பர் வெளியானது. ரெம்சனுக்கு அது ஒரு வினையின் விளைபொருள், அவ்வளவுதான். ஃபால்பெர்க்கால் அதை அப்படியே விட முடியவில்லை. மனிதர்கள் சாப்பிடலாமா என்று தெரிய வேண்டாமா? தானே 10 கிராம் விழுங்கிவிட்டு ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தார். இனிப்பு சர்க்கரையைவிடச் சுமார் 300 மடங்கு என்று வைத்தால், அது 3 கிலோ சர்க்கரையின் இனிப்பு! அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. விழுங்கியதில் கிட்டத்தட்ட எல்லாமே சிறுநீரில் அப்படியே வெளியேறிவிட்டது. உடம்பு அதை உடைத்துக் குளுக்கோஸ் ஆக்குவதில்லை. அதனால்தான் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதில்லை.

லேப்பை விட்டு வெளியே வந்தபின், 1884இல் தொடங்கி, புதிய தயாரிப்பு முறைக்கு அவர் பேடன்ட்டுகள் கேட்டார். ரெம்சனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்டுபிடித்தது தான் மட்டுமே என்றும் பேச ஆரம்பித்தார். ரெம்சனுக்குப் பணத்தில் ஆசையில்லை, ஆனால் பெயர் போனதில் கடைசிவரை கோபம் இருந்தது.

பொருளுக்கு வைத்த பெயர் சாக்கரின். நம்ம சர்க்கரையும் சாக்கரினும் ஒரே வேரில் வந்த சொற்கள், இரண்டுமே சமஸ்கிருதத்தின் சர்க்கராவுக்குத்தான் போய்ச் சேரும். முதலில் நியூயார்க்கில் ஒரே ஒரு ஆளோடு ஒரு நாளைக்கு 5 கிலோ தயாரித்தார். பிறகு அடால்ஃப் லிஸ்டோடு சேர்ந்து ஜெர்மனியின் மக்டெபுர்க் பக்கத்தில் தொழிற்சாலை வந்தது.

இன்சுலின் வருவதற்கு இன்னும் 30 வருஷத்துக்கு மேல் இருந்த காலம் அது. சர்க்கரை நோய்க்கு டாக்டர்களிடம் இருந்த ஒரே ஆயுதம் பத்தியம். நோயாளியின் தட்டிலிருந்து இனிப்பும் மாவுப் பொருளும் போய்விடும். சாக்கரின் நோயைக் குணப்படுத்தவில்லைதான். ஆனா பறிபோன ஒரு ருசியைக் காபியில் திருப்பிக் கொடுத்தது.

ஆரோக்கியமானவர்களும் விலை குறைவு என்று வாங்க ஆரம்பித்ததும் சிக்கல் வந்தது. மக்டெபுர்க் பீட்ரூட் சர்க்கரையின் கோட்டை. சர்க்கரை ஆலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1902இல் ஜெர்மனி சட்டம் போட்டது: இனி சாக்கரின் மருந்துக்கடையில் மட்டும், சர்க்கரை நோயாளி போன்றவர்களுக்கு டாக்டர் சீட்டோடு மட்டும். தடையில்லாத ஸ்விட்சர்லாந்திலிருந்து கடத்தல்கூட நடந்தது. எல்லோருக்கும் விற்க நினைத்த பொருள், கடைசியில் யாருக்கு உண்மையிலேயே தேவையோ அவங்களுக்கு மட்டும் என்று சுருங்கிப்போனது.

1910 ஆகஸ்ட் 15 அன்று ஃபால்பெர்க் இறந்தார். அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் சாக்கரின் பாதுகாப்பானதா என்று ஆராய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? அதே ரெம்சன்! குறைந்த அளவில் தீங்கில்லை என்றுதான் அவர் குழு சொன்னது. கோபத்தைத் தீர்ப்பில் காட்டவில்லை. 1970களில் எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததால் மறுபடி பயம் கிளம்பியது. அது எலியின் உடம்புக்கே உரிய காரணத்தால் வந்தது என்று தெரிந்தபின், 2000இல் அமெரிக்காவில் எச்சரிக்கை வாசகத்தை நீக்கினார்கள்.

வீட்டில் முயற்சி செய்யப் போறவங்களுக்கு ஒரு விஷயம். காபி, டீக்கு இது சரிப்படும், கொஞ்சம் கூடினால் கசக்கும். மைசூர்பாக் மட்டும் வராது, ஏன்னா பாகுப் பதம் வரச் சர்க்கரையே வேணும். பாயசத்தில் இதைப் போட்டாலும் பாலும் சேமியாவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏத்தத்தான் செய்யும். எவ்வளவு எடுத்துக்கலாம்னு டாக்டரிடம் கேட்டுக்கோங்க.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் யார் பெயர் முதலில் வரணும்னு நாம சண்டை போடும்போதெல்லாம் எனக்கு இவங்க ரெண்டு பேரும் ஞாபகம் வர்றாங்க. ஃபால்பெர்க் இல்லைன்னா அந்தப் பொருள் பேப்பரிலேயே கிடந்திருக்கும். தன் உடம்பில் சோதிச்சு, தொழிற்சாலை கட்டி, மக்கள் கைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அதுக்கான பெயரும் காசும் அவருக்கு நியாயமா சேரணும். ஆனா கேள்வியும் லேப்பும் கொடுத்தவர் பெயரை விட்டது தப்பு. ஒரு வரி சேர்த்திருந்தா அவருக்கு எதுவும் குறைஞ்சிருக்காது.

நாம அந்த ஒரு வரியை எழுதிடுவோம். அப்புறம், சாப்பிடும் முன்னாடி கையையும் கழுவிடுவோம்.