ஜார்ஜ் மக்டொனால்டு

காதற்கதை என்ற அளவிலேயே முகஞ்சுளிக்கும் பெரியோரும், முதல் அதிகாரத்திலேயே தலைவனும் தலைவியும் கூடிவிடவேண்டும் என விரையும் இளையோரும் நம்மிடை உளர். இவ்விரு சாராரும் அறிந்திருத்தற்குரிய ஆசிரியர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காத்லாந்து நாட்டிலே தோன்றினார். மாயவுலகின் இடையே மென்மையான காதலை வித்தி, அது பையப் பைய முளைத்து மலருங்காறும் படிப்போரைக் காத்திருக்கச் செய்தவர் அவர்.

ஜார்ஜ் மக்டொனால்டு 1824-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் ஹன்ட்லி என்னும் சிற்றூரிற் பிறந்தார். எட்டு வயது நிரம்புமுன்னரே அன்னையாரைக் காசநோய் கொண்டுபோயிற்று. அந்நோய் பின்னரும் அக்குடும்பத்தை விட்டொழிந்திலது. அபர்தீன் கிங்ஸ் கல்லூரியில் இரசாயனமும் பௌதிகமும் பயின்று 1845-இல் தேறினார். கதையுலகிற் புகுந்தவர் இரசாயனம் பயின்றவர் என்பது நம் விஞ்ஞான மாணவர்க்கு உவகை தருவதாகும். பின்னர் இலண்டனிற் சமய நூல் கற்று, 1850-இல் அருண்டெல் நகரத்துச் சபையொன்றிற்குக் குருவாயினார். மறு ஆண்டில் லூயிசா பவல் என்னும் நங்கையை மணந்தார்.

குருத்துவம் நெடுநாள் நீடித்திலது. இறைவனது அன்பு எல்லையற்றது என்றும், கிறிஸ்துவை அறியாது இறந்தார்க்கும் நம்பிக்கைக்கு இடமுண்டு என்றும் அவர் கருதியது சபைப் பெரியோர்க்கு ஒவ்வாதாயிற்று. ஜெர்மானியக் கவிஞர் நொவாலிஸின் பாடல்களை அவர் மொழிபெயர்த்ததும் ஐயத்தை வளர்த்தது. வெளிப்படையாக நீக்குதற்கு நாணி, அவரது ஊதியத்தைக் குறைத்தனர். குறைந்த ஊதியத்தோடும் சிலகாலம் பொறுத்திருந்து, 1853-இல் அப்பதவியை விட்டு விலகினார். கையிற் பொருளில்லை, நுரையீரலோ நலிந்திருந்தது, குடும்பமோ பெருகிற்று. நாளடைவில் மக்கள் பதினொருவர் ஆயினர். சொற்பொழிவும் எழுத்துமே அவர்க்குச் சோறளித்தன.

இந்நிலையில் அவர் எழுதியது வறுமை தீர்க்கும் நூலன்று. 1858-இல் வெளிவந்த 'பான்டஸ்டீஸ்' என்னும் மாயக்கதையாம். இது சிறுவர்க்கன்றி, வளர்ந்த ஆடவர்க்கும் மகளிர்க்குமென்றே எழுதப்பட்டது. இருபத்தோராண்டு நிரம்பிய அனோடோஸ் என்னும் இளைஞன் ஒருநாட் காலை விழித்தெழுகின்றான். முகங்கழுவும் தொட்டியினின்று நீர் வழிந்து ஓடையாகின்றது. விரிப்பிலே நெய்த புல் உயிர்பெற்று அசைகின்றது. அவன் மாயவனத்துள் நடக்கின்றான். ஆங்கே வெண்கல்லுள் உறங்கும் மங்கை ஒருத்தியைப் பாடி எழுப்ப, அவள் அவனை நோக்காமலே மரங்களிடை மறைகின்றாள். பின்னொருகால் மாளிகையொன்றில் மீண்டும் அவளைப் பாடி வெளிப்படுத்துகின்றான். அங்கே தொடலாகாது என்பது விதி. பொறானாய் அவன் அவளைப் பற்ற, அவள் அரற்றி ஓடிவிடுகின்றாள். அவள் உள்ளம் வேறொரு வீரன்பாற் சென்றது எனப் பின்னர் அறிந்து, அவ்வீரனுக்கே பணியாளாய் நின்று, தன் உயிரையும் ஈகின்றான். விழித்துப் பார்க்குங்கால் கழிந்தவை இருபத்தொரு நாட்களே. அவனுக்கோ அவை இருபத்தோராண்டுகளாய்த் தோன்றுகின்றன.

முல்லைத்திணைக்கு இருத்தலை உரிப்பொருளாகக் கற்ற நமக்கு இக்கதையின் சுவை எளிதில் விளங்கும். பற்றிக்கொள்ளும் கைக்கும் காத்திருக்கும் நெஞ்சுக்கும் உள்ள வேற்றுமையே இதன் உயிர். அக்காலத்துப் பத்திரிகை மதிப்புரையாளரிற் பலர் இந்நூலை விரும்பினாரல்லர். ஆயினும் 1916-இல் புகைவண்டி நிலையப் புத்தகக் கடையொன்றில் இதனை வாங்கிய பதினேழு வயது இளைஞர் ஸி. எஸ். லூயிஸ், அதன்பின் தாம் பழைய மனிதரல்லர் எனக் கண்டார். பிற்காலத்தில் நார்னியாக் கதைகளை எழுதியவர் அவரே.

1864-இல் வெளிவந்த 'கனமற்ற இளவரசி'யின் கதை அளவிற் சிறிது. என் கருத்தில் சுவையிற் பெரிது. சூனியக்காரி ஒருத்தியின் சாபத்தால் அவ்விளவரசிக்கு உடற்கனமும் இல்லை, உள்ளக் கனமும் இல்லை. காற்றில் மிதப்பாள், எதற்கும் சிரிப்பாள், அழ அறியாள். நீரில் மட்டுமே அவட்குச் சிறிது கனமுண்டு. ஆதலின் இரவுதோறும் ஏரியில் நீந்துகின்றாள். இளவரசன் ஒருவனும் உடன் நீந்துகின்றான். இரவுகள் பல கழிந்தும் காதல் என்னும் சொல் அவட்கு விளங்குவதில்லை. ஏரி வற்றத் தொடங்க, அதன் துளையைத் தன் உடலால் அடைக்க அவன் உடன்படுகின்றான். நீர் அவன் கழுத்தளவு ஏறுங்காறும் அருகிருந்து உணவூட்டும் அவள், அவன் முகம் மூழ்கக் கண்ட பின்னரே பாய்ந்து அவனை இழுக்கின்றாள். அவன் கண் திறந்தபோது அவள் அழுகின்றாள், கனமும் வருகின்றது. அதன்பின் அவள் நடை பயில்வதும், விழுந்தெழுந்து முறையிடுவதும் நகைச்சுவை மிக்கன.

அவர் ஸ்காத்லாந்து வாழ்வு பற்றி எழுதிய பெரிய நாவல்கள் பலவற்றிற் பிரசங்கம் கதையை நெருக்கிவிடுகின்றது. குழந்தைகட்கென எழுதிய 'இளவரசியும் பூதமும்' 1872-இல் நூலாயிற்று. அவ்வாண்டிலேயே அமெரிக்கா சென்று சொற்பொழிவாற்றினார். 1877-இல் அரசாங்கம் ஆண்டுக்கு 100 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது. லூயிஸ் கரோல் தம் ஆலிஸ் கதையின் கையெழுத்துப் பிரதியை இவர் வீட்டுக்கே அனுப்பினார். அக்குழந்தைகள் கேட்டு மகிழ்ந்ததே அதனை அச்சிடும் துணிவை அவர்க்குத் தந்தது.

நோயுற்ற மக்களின் பொருட்டு இத்தாலியின் கடற்கரை ஊராகிய பொர்திகேராவிற் பல்லாண்டு குளிர்காலங்களைக் கழித்தார். ஆயினும் மகள் மேரி 1878-இலும், மகன் மாரிஸ் 1879-இலும், மூத்தவள் லிலியா 1891-இலும் மறைந்தனர். 1895-இல் 'லிலித்' என்னும் கடைசிப் பெருங்கதையை வெளியிட்டார். சில ஆண்டுகளிற் பேச்சும் பெரும்பாலும் நின்றது. 1902-இல் லூயிசா இறந்தார். சொல்லின்றி மூன்றாண்டு இருந்து, 1905-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் இங்கிலாந்தில் ஆஷ்டெட் என்னும் ஊரில் மக்டொனால்டும் உயிர் நீத்தார். அவர் சாம்பலைப் பொர்திகேராவிற்குக் கொண்டுசென்று மனைவியாரின் கல்லறையிலேயே வைத்தனர்.