குடிக்காமலே தேர் கொடுத்த காரி... முதல் ரெட் வைன் வாங்கும் முன் ஒரு திருக்கோவிலூர் கதை!

முதன்முறையா ரெட் வைன் வாங்கப் போகிறவர்களுக்கு நடப்பது இதுதான். பத்துப் பாட்டில் வரிசையா நிற்கும். எல்லாம் ஒரே கருஞ்சிவப்பு. பேரோ வாயில் நுழையாது. கடைசியில், விலை ஜாஸ்தின்னா நல்லதாத்தான் இருக்கும்னு ஒண்ணைத் தூக்கிட்டு வந்துடுவோம். காசு கொடுப்பது சுலபம். எது எந்தத் தரம்னு பிரிச்சுப் பார்ப்பதுதான் கஷ்டம்.

கிட்டத்தட்ட இதே புத்திமதியை, ஏறக்குறைய 2,000 வருஷங்களுக்கு முன்னால் ஒரு ராஜா வாங்கிக் கட்டிக்கிட்டார். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் திருக்கோவிலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரிதான் அவர். சொன்னவர் கபிலர். அங்கே விஷயம் மது இல்லை, பரிசு. வருகிற புலவர்கள் எல்லோருக்கும் காரி ஒரே மாதிரி அள்ளிக் கொடுத்தார். கொடுப்பது எளிது, யாருக்கு என்ன தகுதின்னு அறிவதுதான் அரிதுன்னு அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார் கபிலர். ராஜாவிடம் இதைச் சொல்ல ஒரு தில்லு வேணும்!

காரியை நமக்கு ஸ்கூலிலேயே தெரியும். கடையெழு வள்ளல்களில் ஒருவர். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி, மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் வரிசையில், குதிரை கொடுத்தவர். அவருடைய குதிரைக்கும் பேர் காரிதான். தென்பெண்ணைக் கரையில் கோவலூர் தலைநகர், காவலுக்கு முள்ளூர் மலை. நாடு சின்னதுதான். ஆனால் போர்னு வந்தா மூவேந்தர்களும் அவர் படையைத்தான் எதிர்பார்ப்பார்கள். அதற்காக வந்து குவிந்த பொருளையெல்லாம் கேட்டவர்களுக்கே கொடுத்துவிடுவார். அவருக்கென்று மிச்சம் இருந்தது மனைவி மட்டும்தான்னு கபிலர் ஒரு பாட்டில் கிண்டலும் பாசமுமா சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்து அரசவையில் மது ஒரு ரகசியமே இல்லை. காலை அவையிலேயே கள் பரிமாறுவாங்க. மலைப்பக்கம் தேனை மூங்கில் குழாயில் ஊற்றி முதிர வைப்பாங்க. சாடியை மண்ணில் புதைத்து வைக்கும் பழக்கமும் உண்டு. கடல் வழியா யவனர் வைனும் வந்தது. தென்பெண்ணை கடலில் சேரும் கடலூருக்கு வடக்கே இருக்கும் அரிக்கமேட்டில், 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மது வந்த ரோமானியச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன.

நல்ல மது என்றால் சங்கப் புலவர்கள் நாலு விஷயம் சொல்வாங்க. முதிர்ச்சி, குளிர்ச்சி, வாசம், வந்த கலம். இன்றைக்கும் இதை வைத்தே பாட்டிலைப் பார்க்கலாம். கலம்னா இப்போ லேபிள். திராட்சையின் பேர், விளைந்த இடம், வருஷம், ஆல்கஹால் சதவிகிதம் (வைனில் பெரும்பாலும் 12 முதல் 14) தெளிவா இருக்கான்னு பாருங்க. புதுசா ஆரம்பிப்பவர்களுக்கு மெர்லோ கொஞ்சம் மிருது. கேபர்னே சாவின்யான் கடுந்தேயிலை மாதிரி நாக்கைத் துவர வைக்கும். போர்ட்னு நம்மூரில் விற்பவை பெரும்பாலும் தித்திப்பு. குளிர்ச்சி விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுறாங்க. ரெட் வைனை அறை வெப்பத்தில் குடிக்கணும்னு சொன்ன ஊரில் அறை 18 டிகிரி. நம்ம வீட்டில் 32! அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்க. முதிர்ச்சி மட்டும் சங்க காலத்துக் கணக்கு இல்லை. சாதாரண ரெட் வைனைச் சில வருஷங்களுக்குள் குடித்துவிட வேண்டும். பழசு என்பதாலேயே உசத்தி ஆகிவிடாது.

காரிக்குக் கபிலர் கொடுத்த பெரிய பாராட்டும் மதுவைப் பற்றியதுதான். காலையிலேயே குடித்துவிட்டு, அந்த மகிழ்ச்சியில் தேர் கொடுப்பது யாருக்கும் முடியும். காரியோ குடிக்காமல், தெளிவா இருக்கும்போதே கொடுத்தார். அப்படிக் கொடுத்த தேர்கள் முள்ளூர் மலைமேல் விழுந்த மழைத்துளிகளைவிட அதிகமாம்.

இந்த மாவட்டத்தின் பேரை இன்றைக்குச் சொன்னால் வேற ஞாபகம்தான் வருது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கல்வராயன் மலைன்னாலே சாராய ஊறல் அழிப்புச் செய்திதான் என்று ஆகிவிட்டது. மெத்தனாலை நாக்கும் மூக்கும் பிரித்துக் காட்டாது. அந்தப் பாக்கெட்டில் படிக்க லேபிளும் கிடையாது. தரம் பார்க்கும் வாய்ப்பே குடித்தவர்களுக்குத் தரப்படவில்லை.

காரியின் கதையில் ரத்தமும் நிறைய உண்டு. இன்னொரு வள்ளலான ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனிடம் ஒப்படைத்தவர் அவர். பிறகு தகடூர் அதியமான் படையெடுத்து வந்து கோவலூரையே வென்றார். திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பேர் பொறித்த தமிழி கல்வெட்டை 1981-ல் கண்டுபிடித்தார்கள். பாட்டில் மட்டும் வாழ்ந்த ஆளுக்குப் பாறையில் சாட்சி!

பின்னாளில் சோழன் கிள்ளிவளவன் மலையமானின் பிள்ளைகளைப் பிடித்து, யானைக்காலில் இடப் பார்த்தான். அழுதுகொண்டிருந்த குழந்தைகள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்து வேடிக்கை பார்த்தன. குறுக்கே போய் நின்றவர் கோவூர் கிழார் என்ற புலவர். புலவர்களின் வறுமைக்கு அஞ்சி, இருப்பதைப் பகிர்ந்து சாப்பிட்ட குடும்பத்துப் பிள்ளைகள் இவர்கள் என்பதுதான் அவர் சோழனிடம் வைத்த வாதம். பிள்ளைகள் பிழைத்தார்கள்.