ஜான் ஆலன் (மாதிரித் தொடருந்துக் கலைஞர்)

ஜான் விட்பி ஆலன் (ஜூலை 2, 1913 – ஜனவரி 6, 1973) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞரும் மாதிரித் தொடருந்துக் கலைஞரும் ஆவார். கலிபோர்னியா மாநிலத்தின் மான்டெரே நகரில், தமது வீட்டின் அடித்தளத்தில் இவர் அமைத்த கோர் அண்டு டாஃபெட்டிட் என்னும் மாதிரித் தொடருந்துப் பாதை, இப்பொழுதுபோக்கின் வரலாற்றில் மிகுந்த புகழ்பெற்ற பாதைகளுள் ஒன்றாகும். ஆலன் இறந்த இரு வாரங்களுக்குள் அப்பாதை தீயில் அழிந்தது. ஆயினும் அதனைக் கட்டிய ஒவ்வொரு கட்டத்தையும் இவர் ஒளிப்படங்கள் வழியாகவும் இதழ்க் கட்டுரைகள் வழியாகவும் பிறருடன் பகிர்ந்து வந்திருந்தமையால், இவரது முறைகள் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களிடையே நிலைபெற்றன.

பின்னணி

மாதிரித் தொடருந்து அமைத்தல் என்பது உண்மையான இருப்புப்பாதை, இயந்திரங்கள், பெட்டிகள், நிலையங்கள், சுற்றுப்புற நிலத்தோற்றம் ஆகியவற்றைக் குறிப்பிட்ட ஓர் அளவு விகிதத்தில் சிறிதாக்கிக் கட்டும் பொழுதுபோக்காகும். விளையாட்டுப் பொம்மைத் தொடருந்தில் இருந்து இது வேறுபடுவது அளவின் ஒழுங்கினால் ஆகும். பொம்மையில் இயந்திரம் ஓர் அளவிலும் வீடு வேறோர் அளவிலும் இருக்கலாம். மாதிரியில் ஒரு கதவின் உயரமும் ஒரு மனிதனின் உயரமும் ஒரே விகிதத்தில் குறைக்கப்பட வேண்டும்.

ஆலன் பயன்படுத்தியது எச்ஓ எனப்படும் அளவு ஆகும். இதில் பொருட்கள் ஏறத்தாழ 87-இல் ஒரு பங்காகக் குறைக்கப்படுகின்றன. இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 16.5 மில்லிமீட்டர் மட்டுமே. ஆறடி உயரமுள்ள மனிதன் இவ்வளவில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் உயரமே இருப்பான். ஒரு மைல் நீளமான உண்மைப் பாதையை அப்படியே குறைத்தாலும் அறுபது அடிக்கு மேல் இடம் வேண்டும். ஆகவே எந்த வீட்டிலும் உண்மையான தூரங்களை முழுமையாகக் காட்ட இயலாது. சிறிய இடத்தில் பெரிய தூரத்தை உணரச் செய்வது எப்படி என்பதே இக்கலையின் அடிப்படைச் சிக்கல் எனலாம்.

இத்துறையின் இதழ்களுள் முக்கியமானதான மாடல் ரெயில்ரோடர் 1934 ஆம் ஆண்டு மில்வாக்கி நகரில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அதே நகரில் அமெரிக்க மாதிரித் தொடருந்து ஆர்வலர்களின் தேசியச் சங்கம் உருவானது. தனித்தனியே தத்தம் வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்த ஆர்வலர்கள், தாம் செய்தவற்றை ஒருவருக்கொருவர் காட்டிக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை இவை ஏற்படுத்தின. ஆலன் இத்துறைக்குள் வந்தபோது இந்த அமைப்பு ஏற்கனவே இருந்தது.

வாழ்க்கை

ஆலன் மிசூரி மாநிலத்தில் உள்ள ஜாப்ளின் நகரில் பிறந்தார். பின்னர் கலிபோர்னியாவில் தொழில்முறை ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றினார். 1940களின் நடுப்பகுதியில் ஒளிப்படத் தொழிலை விட்டு விலகி, மான்டெரே நகரில் குடியேறினார். முதலீடுகளில் இருந்து கிடைத்த வருமானம் இவருக்குப் போதுமானதாக இருந்தது. அதனால் தமது நேரத்தின் பெரும்பகுதியை மாதிரித் தொடருந்துக்கே செலவிட முடிந்தது.

ஒளியையும் நிழலையும் தொலைவையும் கையாளும் பயிற்சி இவருக்கு முந்தைய தொழிலில் இருந்தே கிடைத்திருந்தது. ஒரு காட்சி கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்பதை முதலில் எண்ணி, அதற்கேற்பப் பொருட்களை அமைக்கும் வழக்கம் இவரது மாதிரிகளில் தெளிவாகக் காணப்படுகிறது.

கோர் அண்டு டாஃபெட்டிட்

ஆலன் தமது கற்பனைத் தொடருந்து நிறுவனத்துக்கு இட்ட பெயர் ஒரு சொல்விளையாட்டு ஆகும். கோர், டாஃபெட்டிட் என்பன இரு ஊர்களின் பெயர்கள் போல எழுதப்பட்டாலும், இரண்டையும் சேர்த்து ஆங்கிலத்தில் ஒலிக்கும்போது இரத்தம் தோய்ந்து தோல்வியுற்றது என்னும் பொருள் தரும். பாதையில் இருந்த ஏனைய ஊர்களுக்கும் மலைகளுக்கும் இத்தகைய வேடிக்கைப் பெயர்களே இடப்பட்டிருந்தன.

முதற் பாதை 3 அடி 7 அங்குல அகலமும் 6 அடி 8 அங்குல நீளமும் கொண்டது. இது ஒரு சாதாரணக் கட்டிலை விடச் சற்றே பெரியது. இச்சிறிய பரப்பிலேயே மலை, பாலம், ஊர் ஆகியவை இடம்பெற்றன. பின்னர் இதனை விரிவாக்கி இரண்டாம் பாதையை அமைத்தார். 1950களில் மான்டெரேயிலேயே அடித்தளம் உள்ள வேறொரு வீட்டுக்கு மாறியபின், மூன்றாவதும் இறுதியானதுமான பாதையைத் தொடங்கினார். முதலில் கட்டிய சிறிய பாதையை இவர் கழித்துவிடவில்லை. அது மூன்றாம் பாதையின் ஒரு பகுதியாக அப்படியே சேர்க்கப்பட்டது. இதனால் ஆலனின் தொடக்க கால வேலையும் பிற்கால வேலையும் ஒரே அறையில் அருகருகே காணக்கூடியனவாக இருந்தன.

மூன்றாம் பாதையில் மலைகள் தரையில் இருந்து கூரை அருகே வரை எழுந்தன. பார்வையாளர் மேசை ஒன்றின் மேல் இருக்கும் பொருளைக் குனிந்து நோக்குவதில்லை. பள்ளத்தாக்குகளுக்கு இடையே அமைந்த வழியில் நடந்து செல்வார். அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே ஒரு பாலத்தில் தொடருந்து செல்வதைக் காண்பார். அக்காலத்தில் பெரும்பாலான பாதைகள் மேசைப் பரப்பிலேயே அமைந்திருந்தமையால், இம்முறை பலருக்கும் புதியதாக இருந்தது.

நுட்பங்கள்

பழமையேற்றல்: 1940களிலும் 1950களிலும் பெரும்பாலான ஆர்வலர்கள் தமது இயந்திரங்களையும் பெட்டிகளையும் பளபளப்பாக வைத்திருக்கவே விரும்பினர். ஆலன் தமது மாதிரிகளில் துருவையும் புகைக்கரியையும் தூசியையும் வண்ணம் கொண்டு காட்டினார். கூரைப் பலகைகள் வெளுத்தும் உடைந்தும் இருந்தன. சுவர்களில் வண்ணம் உரிந்திருந்தது. வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் நின்ற பொருளைப் போன்று மாதிரியைத் தோன்றச் செய்யும் இம்முறையைப் பரவச் செய்தவர்களுள் இவர் முதன்மையானவர்.

தொலைத்தோற்றம்: பார்வையாளருக்கு அருகில் உள்ள கட்டடங்களைச் சரியான அளவிலும், பின்னால் உள்ளவற்றைப் படிப்படியாகச் சிறிய அளவிலும் அமைப்பதன் மூலம் சில அடி ஆழமே உள்ள இடத்தைப் பெரிய நிலப்பரப்பாகக் காட்டலாம். நாடக மேடையிலும் திரைப்பட அரங்கிலும் கையாளப்படும் இவ்வுத்தியை ஆலன் தமது பாதையில் விரிவாகப் பயன்படுத்தினார். பின்னணியில் தீட்டப்பட்ட மலைகளும் வானமும் முன்னால் உள்ள உருவங்களுடன் இணைந்து ஒரே காட்சியாகத் தோன்றின.

கண்ணாடிகள்: சில இடங்களில் ஆலன் முகம் பார்க்கும் கண்ணாடிகளைப் பொருத்தினார். கண்ணாடியின் விளிம்பு கட்டடத்தாலோ பாலத்தாலோ மறைக்கப்பட்டிருக்கும். பார்ப்பவர் தம் உருவத்தையே அதில் காணாதவாறு அதன் கோணம் அமைய வேண்டும். இவ்விரண்டும் சரியாக அமைந்தால் தெருவும் தண்டவாளமும் சுவரைத் தாண்டித் தொடர்வது போலத் தோன்றும்.

ஒளிப்படங்களும் கட்டுரைகளும்

ஆலன் 1940களில் இருந்தே இதழ்களில் எழுதத் தொடங்கினார். வார்னி என்னும் மாதிரித் தொடருந்து நிறுவனத்தின் விளம்பரங்களுக்கு இவர் எடுத்த படங்கள் 1950களில் ஆர்வலர்களிடையே பெயர்பெற்றன. அவற்றில் விற்பனைக்குரிய இயந்திரம் வெறும் பொருளாகக் காட்டப்படவில்லை. மலைப்பாதையில் வேலை செய்துகொண்டிருக்கும் இயந்திரமாகக் காட்டப்பட்டது.

சிறிய பொருட்களை அருகில் இருந்து படமெடுக்கும்போது ஒரு பகுதி மட்டுமே தெளிவாகவும் மற்றவை மங்கலாகவும் விழுவது வழக்கம். படத்தைப் பார்ப்பவர் அது சிறிய பொருள் என்பதை அம்மங்கலைக் கொண்டே அறிந்துவிடுவார். ஒளி நுழையும் துளையை மிகவும் சிறிதாக்கி, அதிக நேரம் ஒளியைப் பதியவிட்டால் முன்னும் பின்னும் ஒருங்கே தெளிவாக விழும். ஆலனின் படங்களில் உண்மையான நிலப்பரப்பு ஒன்றை நோக்கும் உணர்வு ஏற்படுவதற்கு இம்முறை ஒரு காரணமாகும்.

இவரது கட்டுரைகள் முடிந்த வேலையின் அழகை மட்டும் காட்டுவனவாக இருக்கவில்லை. எப்பொருளை எவ்வாறு செய்வது என்பதை விளக்குவனவாகவும் இருந்தன. மான்டெரேக்கு ஒருபோதும் வராத வாசகர்களும் அப்பாதையின் ஊர்களைப் பெயர் சொல்லி அறிந்திருந்தனர். ஆண்டுதோறும் அது வளர்வதை அவர்கள் பின்தொடர முடிந்தது.

பாதையை இயக்குதல்

கோர் அண்டு டாஃபெட்டிட் காட்சிக்காக மட்டும் கட்டப்பட்டதன்று. ஆலனின் நண்பர்கள் குழு ஒன்று குறித்த மாலைகளில் கூடி, உண்மையான தொடருந்து நிறுவனத்தைப் போன்றே அதனை இயக்கியது. ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு இருந்தது. சரக்குப் பெட்டிகள் காரணமின்றிச் சுற்றவில்லை. ஓர் ஊரில் இருந்து மற்றோர் ஊருக்குச் சேர்க்க வேண்டியவையாகக் கருதப்பட்டன. தூரங்கள் சுருக்கப்பட்டிருந்தமையால் வேகமாக ஓடும் கடிகாரம் ஒன்றும் பயன்படுத்தப்பட்டது.

இப்பாதையில் 13 ஆம் எண்ணுடைய இயந்திரம் ஒன்று குறிப்பிடத்தக்கது. எம்மா என்று பெயரிடப்பட்ட அது உண்மையில் இயந்திரமே அன்று. முதுகில் தட்டுகள் கொண்ட ஸ்டெகோசோரஸ் என்னும் தொல்லுயிரின் உருவம் ஆகும். நிலைய வளாகத்தில் பெட்டிகளை இழுத்து ஒழுங்குபடுத்தும் வேலைக்கு இவ்விலங்கு பயன்படுவதாக ஆலன் படங்களில் காட்டினார். நுணுக்கமான உண்மைத்தன்மையும் குறும்பும் இவரிடம் ஒன்றாகவே இருந்தன.

டைம்சேவர்

ஷண்டிங் எனப்படும் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் வேலையை அடிப்படையாகக் கொண்டு ஆலன் உருவாக்கிய புதிர் விளையாட்டு டைம்சேவர் ஆகும். இதன் விளக்கம் 1972 ஆம் ஆண்டு மாடல் ரெயில்ரோடர் இதழில் வெளியானது. ஒரு நீண்ட பலகையில் சில கிளைப்பாதைகளும் ஐந்து பாதைமாற்றிகளும் அமைந்திருக்கும். கிளைகள் மிகவும் குறுகியவை என்பதால் ஒரு பெட்டியை உரிய இடத்தில் சேர்க்க வேறு பெட்டிகளை முதலில் நகர்த்த வேண்டியிருக்கும். எல்லாப் பெட்டிகளையும் குறித்த இடங்களில் மிகக் குறைந்த நேரத்தில் சேர்ப்பவரே வெற்றி பெற்றவர். மிகச் சிறிய இடத்தில் அமைக்கக்கூடியது என்பதால் இது பல நாடுகளில் பரவியது.

மறைவும் தீயும்

ஆலன் 1973 ஜனவரி 6 அன்று மாரடைப்பால் காலமானார். அப்போது இவருக்கு வயது 59. மூன்றாம் பாதை அந்நாளிலும் முழுமை பெற்றிருக்கவில்லை. இரு வாரங்கள் கடப்பதற்குள் வீட்டில் ஏற்பட்ட தீயில் அப்பாதையின் பெரும்பகுதி அழிந்துபோனது. ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பும், அதனுள் சேர்க்கப்பட்டிருந்த முதற் பாதையும் ஒருங்கே இல்லாமற் போயின.

மாதிரிப் பாதைகள் பொதுவாக அவற்றைக் கட்டியவரின் காலத்துக்குப் பின் நிலைப்பது அரிது. அறையின் வடிவத்துக்கேற்பக் கட்டப்படுவதால் அவற்றை வேறிடத்துக்கு மாற்றுவது கடினம். இதற்கு விதிவிலக்காக, இங்கிலாந்தில் ஜான் ஏஹர்ன் கட்டிய மேடர் வேலி பாதை ஆக்ஸ்போர்ட்சயரில் உள்ள பெண்டன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டது. நிலத்தோற்றத்துக்கு முதன்மை தந்த முன்னோடிகளாக இருவரும் கருதப்பட்டாலும், ஆலனின் பாதைக்கு அவ்வாய்ப்பு அமையவில்லை.

எனவே ஆலனின் பாதையைப் பற்றிய அறிவு முழுவதும் படங்களையும் எழுத்தையும் அதனைக் கண்டவர்களின் நினைவையும் சார்ந்ததாயிற்று. மாடல் ரெயில்ரோடர் இதழின் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட் இவற்றைத் தொகுத்து ஆலனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வெஸ்ட்காட் 1980 இல் காலமானார். நூல் 1981 இல் வெளிவந்தது. பாதையை நேரில் காணும் வாய்ப்பில்லாத பின்வந்த தலைமுறையினர் இந்நூலின் மூலமே ஆலனை அறிந்தனர்.

தாக்கமும் விமர்சனமும்

பழமையேற்றல், தரை முதல் கூரை வரையான நிலத்தோற்றம், குழுவாகப் பாதையை இயக்குதல் ஆகியவை பின்னாளில் இப்பொழுதுபோக்கின் இயல்பான பகுதிகளாகிவிட்டன. பிராங்க்ளின் அண்டு சவுத் மான்செஸ்டர் என்னும் பாதையை உருவாக்கிய ஜார்ஜ் செலியோஸ், ஆலனின் வழியில் வந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர்.

ஆலனின் முறையை எல்லோரும் ஏற்றுக்கொண்டனர் என்று கூற முடியாது. குறிப்பிட்ட ஓர் உண்மையான தொடருந்து நிறுவனத்தையும் காலத்தையும் ஆய்ந்து அவ்வாறே அமைக்க விரும்புவோர், கோர் அண்டு டாஃபெட்டிட் பாதையின் செங்குத்தான மலைகளும் வேடிக்கைப் பெயர்களும் மிகைப்படுத்தப்பட்டவை என்று கருதினர். டைம்சேவர் புதிரைப் பெரிய பாதைகளில் அப்படியே சேர்ப்பதும் விமர்சிக்கப்பட்டது. உண்மையான நிறுவனங்கள் வேலை எளிதாக முடியும்படியே தண்டவாளங்களை அமைக்கும். ஆனால் ஆலனின் புதிரோ வேலை கடினமாக இருக்கும்படி திட்டமிடப்பட்டது.

இவ்விவாதங்களுக்கு இடையிலும், ஆலன் செய்து காட்டிய ஒரு வழக்கம் பொதுவானதாயிற்று. முடிந்தபின் காட்டலாம் என்று காத்திராமல், கட்டிக்கொண்டிருக்கும்போதே தம் வேலையின் நிலையையும் செய்முறையையும் பிறருக்கு வெளிப்படுத்துவதே அவ்வழக்கம். முற்றுப்பெறாமலே அழிந்த ஒரு பாதையின் ஊர்களையும் பாலங்களையும் இன்றும் ஆர்வலர்கள் அறிந்திருப்பதற்கு அதுவே காரணமாகும்.