சீகன்பால்கும் எங்க ஆயா பைபிளும்

பார்த்தலோமேயு சீகன்பால்கு 1682இல் ஜெர்மனியில் பிறந்தார். 1706 ஜூலை 9ஆம் தேதி கப்பலில் தரங்கம்பாடி வந்து இறங்கினார். மறுநாள்தான் அவருக்கு 24 வயசு! தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துல சின்னப் பசங்களோட உட்கார்ந்து, மணல்ல விரலால அ, ஆ எழுதிப் பழகினார். கோட்டைத் தளபதியோடு தகராறு வந்து நாலு மாசம் சிறையிலும் இருந்தார்.

புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுதி முடித்தார். அச்சடிக்க ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிசு. அப்படியே அடிச்சா காகிதம் பத்தாது. அதனால இங்கேயே சின்ன எழுத்து வார்த்து, 1715இல் அச்சடித்து முடித்தார்கள். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் அவரால் முடிந்தது. 1719இல் 36 வயசிலேயே இறந்துவிட்டார். பிறகு பலபேர் புதுசு புதுசாக மொழிபெயர்த்தார்கள்.

எங்க ஆயா படிப்பது 19ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பு. அதில் தேவன் என்று இருக்கும். 1995இல் வந்த திருவிவிலியத்தில் கடவுள் என்று இருக்கும். எனக்கு இதுதான் சீக்கிரம் புரியுது. ஆனா ஆயாவுக்கு பழசு பாதி மனப்பாடம், ஒரு வார்த்தை மாறினாலும் ஒத்துக்காது. இப்ப கண்ணாடி போட்டும் எழுத்து தெரியல. அதனால அதே பழசுல, பெரிய எழுத்துப் புத்தகமா தேடிக்கிட்டு இருக்கோம்.